தண்டற் செலவும் தண்டமும்: இங்கிலாந்தின் உள்ளூராட்சி வரி வழக்குகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

வரிகளின் வரலாற்றை ஆராய்வோர் வரியின் அளவு, அதனை விதித்த வர்க்கம், அதனை எதிர்த்தெழுந்த கிளர்ச்சி ஆகிய மூன்றிலுமே பெரும்பாலும் கவனஞ் செலுத்தி வந்துள்ளனர். வரி செலுத்தத் தவறியவர்மீது வரிக்கு மேலாகச் சுமத்தப்படும் சிறு தொகைகள் அவர்தம் ஆய்வில் அடிக்குறிப்புக்கு அப்பால் இடம்பெறுவதில்லை. அழைப்பாணைச் செலவு, கட்டளைச் செலவு, பொருள் கைப்பற்ற வருவோரின் கூலி எனப் பல பெயர்களில் இவை வழங்குகின்றன. நம் நாட்டிற் சோலைவரி நிலுவையோடு பிடியாணைச் செலவு சேர்ந்து வருவதை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. எனினும் இச்சிறு தொகைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாறு வர்க்க உறவுகளின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்கத்தக்கதன்று என்பதும் இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்துகளாகும்.

தமிழில் 'தண்டல்' என்பது வரி முதலியவற்றைத் திரட்டுதலைக் குறிக்கும். 'தண்டம்' என்பது குற்றத்துக்கு விதிக்கப்படும் பணத்தைக் குறிக்கும். ஓசையால் நெருங்கியிருப்பினும் பொருளால் இவை வேறானவை. நிலுவையைத் திரட்டுவதற்கு ஆன செலவு தண்டற் செலவாகும். அச்செலவுக்கு மிஞ்சி அறவிடப்படுவது, எப்பெயரால் அழைக்கப்படினும், தண்டமேயாகும். முதலாவதன் பெயரில் இரண்டாவதை அறவிடும் நடைமுறை எவ்வாறு உருவாயிற்று, அதனை எவர் எவ்வகையில் எதிர்த்தனர் என்பவற்றை இங்கிலாந்தின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு நோக்குவோம். உள்ளூராட்சி வரிமுறையை நாம் பெற்றுக்கொண்டது அந்நாட்டிலிருந்தே என்பதும், புலம்பெயர்ந்த நம்மவர் பலர் இன்று அந்நாட்டு நகரசபைகளுக்கு வரிசெலுத்துவோராய் வாழ்கின்றனர் என்பதும் இத்தெரிவுக்கான காரணங்களாகும்.

2

இங்கிலாந்தின் உள்ளூர் வரி, 1601ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் விதிக்கப்பட்ட வறியோர் வரியிலிருந்து வளர்ந்ததாகும். செலுத்தாதவரின் பொருள்களைக் கைப்பற்றி விற்கும் அதிகாரம் தொடக்கத்திலிருந்தே இவ்வரியோடு இணைந்திருந்தது. ஆயினும் கைப்பற்றுவதற்கான செலவை எவர் ஏற்பது என்பது தனியொரு வினாவாக இருந்தது. 1849இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்றின் நோக்கமே, வறியோர் மேற்பார்வையாளரும் நெடுஞ்சாலைக் கண்காணிப்பாளரும் வரிக்காகப் பொருள் கைப்பற்றும் செலவை நிலுவையாளரிடமே அறவிட வழிசெய்வதாகும். கைத்தொழில் முதலாளித்துவம் வேரூன்றிய காலத்தில் இச்சட்டம் தோன்றியமை மனங்கொள்ளத்தக்கது. அரசு தன் பலாத்காரத்தின் விலையையும் பலாத்காரத்துக்கு உள்ளானவரின் கணக்கிலேயே எழுதும் முறை இதனால் உறுதிப்பட்டது.

இதே காலத்தில் ஐரோப்பாவின் பிறிதொரு பகுதியில் வரிமறுப்பு அரசியல் ஆயுதமாயிற்று. 1848 நவம்பரில், பிரஷ்ய முடியாட்சி தேசிய சபையை ஒடுக்க முற்பட்ட வேளையில், வரி செலுத்தாதிருக்குமாறு ரைன் பிரதேச மக்களை அறைகூவிய சனநாயகவாதிகளுள் கார்ல் மார்க்சும் ஒருவர். இதற்காக 1849 பெப்ரவரியில் கொலோன் நகர நீதிமன்றத்தில் அவர் விசாரணைக்கு உட்பட்டார். யூரர் அவரை விடுதலை செய்தனர். நீதிமன்றத்தைப் புறக்கணிக்காது, அதன் நடுவே நின்று, சமூக உறவுகளிலிருந்தே சட்டம் தோன்றவேண்டும் என அவர் வாதிட்டமை நமது விடயத்துக்கு இன்றியமையாத செய்தியாகும். நீதிமன்றத்திற் கேள்வி எழுப்புவது சீர்திருத்தவாதிகளுக்கு மட்டுமே உரிய வேலை என்று கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் உள்ளூர் வரியின் வர்க்கத் தன்மையை வெளிப்படுத்திய நிகழ்ச்சி 1921இன் பொப்லர் கிளர்ச்சியாகும். கிழக்கு இலண்டனின் வறிய தொழிலாளர் பகுதியான பொப்லரின் நகரசபை, இலண்டன் மாநகர நிர்வாகத்துக்காகத் திரட்டவேண்டிய வரியைத் திரட்ட மறுத்தது. வேலையற்றோர் மிகுந்த பகுதி தன் வறியோரைத் தானே தாங்கவேண்டியிருந்தமையால் அங்கு வரிச்சுமை கூடியிருந்தது. செல்வர் வாழ்ந்த பகுதிகளிற் குறைந்திருந்தது. ஜோர்ஜ் லான்ஸ்பரியின் தலைமையில் 30 உறுப்பினர் சிறை சென்றனர். பகுதிகளுக்கிடையே சுமையைப் பகிரும் ஏற்பாட்டுக்கு அரசு இறங்கிவர நேர்ந்தது. இங்கு நகரசபையும் வரிசெலுத்துவோரும் ஒரே அணியில் நின்றனர் என்பதைக் குறித்துக்கொள்வோம். பின்னர் நிகழ்ந்தவற்றில் இவ்வணி உடைந்துபோயிற்று.

3

தாட்சரின் அரசாங்கம் சொத்துப் பெறுமதியை அடிப்படையாகக் கொண்ட வீட்டு வரியை ஒழித்து, வளர்ந்தோர் ஒவ்வொருவர்மீதும் தலைக்கு ஒரே அளவான வரியை விதித்தது. 'சமூகக் கட்டணம்' என்பது அதன் சட்டப் பெயர். மக்கள் அதனைத் தலைவரி என்றே அழைத்தனர். 1989 ஏப்ரலில் ஸ்கொத்லாந்திலும், 1990 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்சிலும் அது நடைமுறைக்கு வந்தது. மாளிகையில் வாழ்ந்த பிரபுவும் அவரது தோட்டக்காரரும் ஒரே பகுதியில் ஒரே தொகையைச் செலுத்தவேண்டியவராயினர். அரச உதவிப்பணம் பெற்றோரும் மாணவரும்கூட ஐந்தில் ஒரு பங்கையாவது கட்டவேண்டும் என்பது விதியாயிற்று. இத்தகைய வரி இலங்கைக்கும் அந்நியமானதன்று. 1848இல் பிரித்தானிய ஆட்சி விதித்த வீதிக் கட்டளைச் சட்டம், ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை அல்லது அதற்கீடாக மூன்று சிலிங் என்று செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவாகவே கேட்டது. அவ்வாண்டில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சியின் காரணங்களுள் அதுவும் ஒன்று.

தலைவரிக்கு எதிரான இயக்கம் 1990 மார்ச் 31ஆம் திகதி திரபல்கார் சதுக்கத்தில் நிகழ்ந்த கலவரத்தாலேயே பெரிதும் நினைவுகூரப்படுகின்றது. ஆயின் இயக்கத்தின் அன்றாடப் போர்க்களம் நீதவான் நீதிமன்றங்களேயாம். செலுத்த இயலாதோரும் செலுத்த மறுத்தோருமாகப் பல இலட்சம் பேர் மன்றுக்கு அழைக்கப்பட்டனர். ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்குக் கட்டளை வழங்கப் பழகியிருந்த நீதிமன்றங்களில் மக்கள் நேரில் வந்து நின்று, தத்தமக்குரிய விசாரணையைக் கோரினர். 1990 ஜூனில் வைற் தீவின் மெடீனா நகரசபை தொடுத்த முதல் வழக்குகள், நினைவூட்டற் கடிதத்துக்கும் அழைப்பாணைக்கும் இடையே போதிய அவகாசம் அளிக்கப்படவில்லை என்ற காரணத்தால் வீழ்ந்தன.

சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோர் தமக்கு அருகே ஒரு நண்பரை இருத்தி ஆலோசனை பெறலாமா என்ற வினாவும் எழுந்தது. 1970ஆம் ஆண்டு வழக்கொன்றின் பெயரால் இத்தகையவர் 'மக்கென்சி நண்பர்' எனப்படுவர். லெஸ்ரர் நகர நீதவான்கள் இதற்கு இடமளிக்க மறுத்தனர். 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்மறுப்பு தவறு எனத் தீர்த்தது. பஸ் சாரதியும் பாடசாலைச் சிற்றூழியரும் சட்ட ஒழுங்குவிதிகளைக் கற்று அயலவருக்குத் துணைநிற்கும் ஒரு மரபு இவ்வகையில் வளர்ந்தது. உழைக்கும் மக்கள் சட்டப் பனுவலை வாசிக்கப் பழகிய காலம் அது எனலாம்.

ஸ்கொத்லாந்தின் நிலை சற்று வேறானது. அங்கு நிலுவையாளர் மன்றுக்கு அழைக்கப்படுவதில்லை. சுருக்கப் பிடியாணையொன்று பெறப்பட்டதும் நிலுவையோடு அதன் 10 சதவீதம் தானாகவே கூட்டப்பட்டது. வினவுவதற்கு மன்றும் இல்லை, வினவத்தக்க கணக்கும் இல்லை. ஆகவே அங்குப் போராட்டம் வீட்டு வாசலிலேயே நிகழ்ந்தது. கைப்பற்றிய வீட்டுப் பொருள்களைப் பகிரங்கமாக விற்பதை மக்கள் திரண்டு தடுத்தனர். 1991இல் கிளாஸ்கோவில் அத்தகைய விற்பனையொன்றைத் தடுத்தமைக்காக ரொமி ஷெரிடன் 1992இல் சிறை சென்றார். அவ்விற்பனை முறை ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றத்தின் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. எஞ்சியிருந்த தலைவரிக் கடன்களோ 2015ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே இல்லாதொழிந்தன. வரி 1993இல் இறந்தபின்னும் அதன் நிலுவை 20 ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்தது.

4

1990 நவம்பரில் தாட்சர் பதவி துறந்தார். 1993 ஏப்ரலில் தலைவரியின் இடத்தில் 'சபை வரி' வந்தது. வீடுகள் அவற்றின் 1991ஆம் ஆண்டுப் பெறுமதிக்கேற்ப எட்டு வகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. அதியுயர் வகுதியினர் அதிதாழ் வகுதியினர் செலுத்துவதைப் போல் மும்மடங்கு மட்டுமே செலுத்துவர். வீட்டின் பெறுமதி எட்டு மடங்காயினும் நூறு மடங்காயினும் வரி மூன்று மடங்கைத் தாண்டாது. தலைவரியின் தத்துவம் தோற்றபோதிலும் அதன் சாயல் முற்றாக நீங்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

அறவிடும் முறையை 1992ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வகுத்தன. தவணை தவறினால் முதலில் நினைவூட்டற் கடிதம் வரும். ஏழு நாளுள் செலுத்தாவிடின், தவணையாகச் செலுத்தும் உரிமை இழக்கப்பட்டு ஆண்டின் எஞ்சிய தொகை முழுவதும் கடனாகும். தொடர்ந்து அழைப்பாணையும், நீதவானின் 'பொறுப்புக் கட்டளை'யும் வரும். அக்கட்டளை கிடைத்ததும் சம்பளத்திலோ உதவிப்பணத்திலோ கழிக்கவும், பொருள் கைப்பற்றுவோரை அனுப்பவும் சபைக்கு வழி திறக்கும். கைப்பற்றுவோருக்கான கட்டணங்களை 2014ஆம் ஆண்டு விதிகள் நிர்ணயித்தன. கோவை அவர்களின் கைக்குச் சென்றதும் 75 பவுண். அவர்கள் வீட்டுக்கு வந்தால் மேலும் 235 பவுண். விற்பனைக் கட்டத்தில் மேலும் 110 பவுண். சிறு நிலுவையொன்று தன்னைப் போல் இருமடங்காகப் பெருகுவதற்கு இது போதுமானது.

இத்தொடரின் முதற் கண்ணியான அழைப்பாணை, கட்டளைச் செலவே நாம் இங்கு உற்றுநோக்கவேண்டியது. நீதவான் வழங்கும் கட்டளையில், நிலுவையோடு, அக்கட்டளையைப் பெறுவதற்குச் சபைக்கு 'நியாயமாக ஏற்பட்ட செலவு' சேர்க்கப்படலாம் என ஒழுங்குவிதி கூறுகின்றது. வேல்சில் இதற்கு 70 பவுண் என உச்சவரம்பு உண்டு. ஸ்கொத்லாந்தில் முன்னர் கூறிய 10 சதவீதமே சபை வரிக்கும் தொடர்ந்தது. இங்கிலாந்திலோ தொகை எதுவும் விதியிற் குறிக்கப்படவில்லை.

இலக்கிய மாணவர் ஒரு பனுவலை நுணுகி வாசிப்பதுபோல் இச்சொற்றொடரை வாசித்தல் பயனுடையது. 'ஏற்பட்ட' என்பதால் செலவு உண்மையில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். 'நியாயமாக' என்பதால் அது அளவோடு இருத்தல் வேண்டும். 'கட்டளையைப் பெறுவதற்கு' என்பதால் வரித் திணைக்களத்தின் பொதுவான நிர்வாகச் செலவு இதனுள் அடங்கலாகாது. மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தே ஒரு தொகையை நியாயப்படுத்தும். நடைமுறையிலோ சபைகள் அழைப்பாணை ஒவ்வொன்றுக்கும் ஒரே நிலையான தொகையை முன்கூட்டியே அச்சிட்டு அனுப்பின. நீதிமன்றத்துக்குச் சபை செலுத்தவேண்டியிருந்த கட்டணமோ வழக்கொன்றுக்கு 3 பவுண். 2018இல் அதுவும் அரைப் பவுணாகக் குறைக்கப்பட்டது.

நிலையான தொகையின் பொருளியலும் கவனிக்கத்தக்கது. 80 பவுண் கடன்பட்டவரும் 2,000 பவுண் கடன்பட்டவரும் ஒரே செலவைச் சுமக்கின்றனர். கடன் சிறிதாக ஆக, அதன் விகிதம் பெரிதாகும். மேலும், கணினியொன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான அழைப்பாணைகளை அச்சிடும்போது, தவறியோர் தொகை கூடக்கூடத் தலைக்கான செலவு குறையவேண்டும். தொகை குறையாது நிற்குமாயின், வறுமை பரவப்பரவச் சபையின் வருவாய் பெருகும் என்பதே அதன் பொருளாகும்.

5

2013 ஏப்ரலில் இம்முரண்பாடு முற்றியது. அதுவரை வறியோரின் சபை வரியை முழுமையாக ஈடுசெய்யக்கூடியதாயிருந்த நாடளாவிய உதவித் திட்டத்தை மத்திய அரசாங்கம் ஒழித்தது. மாற்றுத் திட்டங்களை வகுக்கும் பொறுப்பைச் சபைகளிடம் ஒப்படைத்து, அதற்கான நிதியில் 10 சதவீதத்தைக் குறைத்தது. ஓய்வூதிய வயதினருக்குக் குறைப்புக் கூடாது என்றும் விதித்தது. ஆகவே முழுச்சுமையும் உழைக்கும் வயதிலிருந்த வறியோர்மீது வீழ்ந்தது. வட இலண்டனின் ஹரிங்கே நகரசபை அத்தகையோரிடம் வரியில் 19.8 சதவீதத்தைக் கேட்டது. தலைவரிக் காலத்தின் 'ஐந்தில் ஒரு பங்கு' பிறிதொரு வாயிலால் மீண்டது. இத்திட்டம் பற்றி அச்சபை மக்களிடம் கருத்துக் கேட்ட முறை, மாற்று வழிகளை மறைத்தமையாற் சட்டமுரணானது என 2014 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் தீர்த்தமையும் குறிப்பிடத்தக்கது.

அப்பகுதியில் வாழ்ந்த ஓய்வுபெற்ற அங்கிலிக்கன் குருவானவர் போல் நிக்கல்சன், வறியோர்மீதான இச்சுமையை எதிர்த்துத் தமது வரியைச் செலுத்த மறுத்தார். அவர் முன்னர் நிறுவிய அறக்கட்டளை, விவிலியத்தில் வரும் ஆயக்காரனான சகேயுவின் பெயரைத் தாங்கியது. அநியாயமாய் வாங்கியதை நான்மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்த வரித்தண்டற்காரன் அவன். 2013 ஓகஸ்ட் 2ஆம் திகதி ரொட்டன்ஹாம் நீதவான்கள் நிக்கல்சனுக்கு எதிராகப் பொறுப்புக் கட்டளையையும் 125 பவுண் செலவையும் விதித்தனர். இத்தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது என அவர் வினவினார். மன்றில் விடை கிடைக்கவில்லை. அவர் நீதிமுறை மீளாய்வு கோரி மேல் நீதிமன்றம் சென்றார்.

2015 மே 6ஆம் திகதி நீதிபதி அன்றூஸ் தீர்ப்பளித்தார். 125 பவுண் எவ்வெக்கூறுகளைக் கொண்டது என்பது பற்றிப் போதிய தகவல் நீதவான்களிடம் இருக்கவில்லை. அதனை விசாரியாது கட்டளையிட்டமை சட்டத் தவறாகும். தகவலைக் கேட்டவருக்கு அதனை வழங்கச் செய்யாமையால் நியாயமான விசாரணை அவருக்கு மறுக்கப்பட்டது என்பன தீர்ப்பின் சாரமாகும். சராசரி முறையிற் கணக்கிடுவதை அத்தீர்ப்பு முற்றாகத் தள்ளவில்லை. ஆயினும் கட்டளையைப் பெறும் செயலோடு செலவுக்கு உண்மையான தொடர்பு இருக்கவேண்டும் என அது வலியுறுத்தியது. 1990களில் நீதவான் மன்றுகளில் ஆயிரமாயிரம் பேர் எழுப்பிய வினாவின் தொடர்ச்சியாகவே இதனை நாம் காண்கின்றோம்.

6

இத்தகைய வழக்குகளை முற்போக்காளர் எவ்வாறு மதிப்பிடுவது? இரு மறுப்புகள் கூறப்படுவதுண்டு.

முதலாவது, 125 பவுண் பற்றிய வழக்காடல் சட்டவாத மயக்கம் என்பது. நீதிமன்றம் வர்க்க அரசின் உறுப்பாயிருக்க, அங்கு நியாயந் தேடுவது வீண் என்பர். சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன், பதினெட்டாம் நூற்றாண்டின் கொடுஞ் சட்டமொன்றைப் பற்றி 1975இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியதுபோல், சட்டம் தன் கருத்துநிலைப் பணியை ஆற்றவேண்டுமாயின் நியாயமானதாகத் தோன்றவேண்டும். அத்தோற்றத்தைப் பேண, சிலவேளைகளில் ஆளுவோரையும் அது கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். 'நியாயமாக ஏற்பட்ட' என்ற சொற்கள் அத்தகைய இடைவெளியாகும். ஸ்கொத்லாந்தின் 10 சதவீதத்தில் அவ்விடைவெளி இல்லை. ஆகவே விதியின் ஒரு சொல்லும் போராட்டத்தின் களத்தைத் தீர்மானிக்கவல்லது.

இரண்டாவது மறுப்பு வலிமை மிக்கது. மத்திய அரசு நிதியை வெட்டியபின், நூலகத்தையும் முதியோர் பராமரிப்பையும் சபைகள் எதைக்கொண்டு நடத்தும்? நிலுவையாளர் ஏற்காத செலவை, வருந்தியும் ஒழுங்காகச் செலுத்தும் அயலவரே ஏற்கவேண்டிவரும் அல்லவா? இவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கலாகாது. உண்மையான செலவைப் பொறுத்தவரை இதில் நியாயமுண்டு. ஆனால் இவ்வாதம் ஏழைக்கும் ஏழைக்கும் இடையே பங்கீட்டை நிறுத்தி, உச்ச வகுதிக்கு மேல் வரி ஏறாத மாளிகைகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றது. 1921இற் பொப்லர் சபை மத்திய அதிகாரத்தை நோக்கிக் கேட்ட வினா, 2013இன் பின்னர் சபைகளாற் கீழ்நோக்கித் திருப்பப்பட்டது. மத்திய அரசின் வெட்டு, உள்ளூர் மன்றத்தின் கையால், தவணை தவறிய குடும்பத்தின் அழைப்பாணையில் எழுதப்பட்டது. தண்டற் செலவு தண்டமாகும் இடம் இதுவே.

எனினும் 2015இன் தீர்ப்பின் எல்லையையும் உணரவேண்டும். கணக்குக் காட்டும் கடமையை அது உறுதிப்படுத்தியது. வரியின் அமைப்பை அது தொடவில்லை. கணக்குக் காட்டத் தெரிந்த சபை, சற்றே திருத்திய தொகையோடு அதே நடைமுறையைத் தொடரலாம். தலைவரியை வீழ்த்தியது வழக்கு மட்டுமன்று. வழக்கு மன்றுகளை நிறைத்த மக்கள் திரளுமாகும். நிக்கல்சனின் வழக்குக்கு அத்திரள் பின்னணியாக வாய்க்கவில்லை. அவர் 2020இற் காலமானார். அவர் கேட்ட கேள்வி அழைப்பாணை பெறும் எவரும் கேட்கக்கூடியது. ஆயினும் தனியராய்க் கேட்பவருக்கு ஒரு தொகை தள்ளுபடியாகலாம், அவ்வளவே.

7

இதுவரை நோக்கியவற்றிலிருந்து மூன்று முடிவுகளை வகுக்கலாம். உள்ளூர் வரி நிலுவைமீது கூட்டப்படும் செலவு, நிர்வாகத்தின் நடுநிலையான கணக்கு அன்று. அது வரியின் வர்க்கத் தன்மை கூர்மையாக வெளிப்படும் இடமாகும். அதனை வினவும் உரிமை அரசு தானாக வழங்கியதன்று. 1990களில் மன்றுகளில் நின்ற எளிய மக்கள் பயின்று வளர்த்ததாகும். இறுதியாக, அவ்வினா நிலைத்த பயன் தரவேண்டுமாயின் அது தனியாள் கேட்பதாக இராது, தொழிற்சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஒன்றுசேர்ந்து கேட்பதாக அமையவேண்டும்.

சோலைவரிச் சிட்டையின் அடியில் எழுதப்படும் செலவு நமது நகரங்களிலும் பெரும்பாலும் வினாவின்றியே செலுத்தப்படுகின்றது. அத்தொகை எந்த விதியின்கீழ், எச்செலவுக்காக, எவ்வாறு கணக்கிடப்பட்டது என எழுத்திற் கேட்பது எந்தக் குடிமகனுக்கும் குடிமகளுக்கும் உரியது. உள்ளூராட்சி மன்றங்களை மக்கள் மன்றங்களாக்க விழைவோர் இச்சிறு கணக்கிலிருந்தும் தம் பணியைத் தொடங்கலாம்.